அயர்லாந்தில் ஒரு சுடலை

அண்ணனோடு ஊர் பார்க்கப் போவதற்குப் பெரிய பொறுமை வேண்டும். மொன்றியலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருக்கும் அவரை, இந்தப் பக்கம் அஹுன்ட்சிக்கில் இருக்கும் என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாலே, மெட்ரோவைத் திட்டிக்கொண்டுதான் வருவார். அப்படிப்பட்டவர் அயர்லாந்துவரை வந்தது அங்கே வேலை செய்யும் மகளைப் பார்க்க. நான் ஒட்டிக்கொண்டது வேறு ஆசையில். அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் வாழ்ந்து மறைந்த எழுத்தாளர் ஒருவரின் நாவல்களை, மொன்றியலில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அகராதியும் கையுமாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாசித்து வருகிறேன்.

அண்ணன் மகள் வேலைக்குப் போனதும் நாங்கள் இருவரும் வெளிக்கிட்டோம். எதிரிக் கப்பல் வரும் என்று பயந்து கட்டிய வட்டக் கோபுரத்தைப் பார்த்தோம். கப்பல் வரவேயில்லையாம். "வீண் வேலை," என்றார் அண்ணன். எழுத்தாளரின் வீட்டில் அவருடைய மேசை அப்படியே இருந்தது. அதில் இருந்துதான் மனிதர் அவ்வளவையும் எழுதினாரா என்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அண்ணனிடம் சொன்னால் பகிடி பண்ணுவார்.

கடைசியாகப் பார்க்க இருந்தது, தேவாலயத்துக்குப் பின்னால் எழுத்தாளரை அடக்கம் செய்த இடம். இரும்புக் கேற்றடியில் அண்ணன் நின்றுவிட்டார்.

"உள்ளுக்குப் போகாத. பொம்பிளையள் சுடலைக்குப் போற வழக்கம் இல்ல."

"மொன்றியல்ல எரிக்கிற இடம் வரைக்கும் பொம்பிளையளும் போறாங்கதானே. அப்ப நீங்க ஒண்டும் சொல்லல்லயே."

"அது கட்டடம் புள்ள. இது சுடலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்டக்களப்பில் அப்பா செத்த அன்று, இதே வழக்கத்தைச் சொல்லித்தான் என்னை வாசல் படலையோடு நிறுத்தினார்கள். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மூத்த மகன் என்று அண்ணன் முன்னுக்குப் போனார். பிறகு சண்டை, இடப்பெயர்வு, கனடா. அப்பாவை எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பயணம் முடிந்து மார்கழியில் ஊருக்குப் போக இருந்தேன். அவர் கிடக்கும் இடத்தில் ஒரு தரம் நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு அலுவல் இல்லை. அன்று சுடலைக்குப் போனவர்களில் உயிரோடு இருப்பவர் அண்ணன் ஒருவர்தான். எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்.

"யாரோ ஒரு வெள்ளைக்காரன் கிடக்கிற இடத்துக்குப் பலகை வச்சு வழி காட்டுறாங்க. நம்மட அப்பா கிடக்கிற இடத்த நீங்க வாயால சொல்ல மாட்டீங்களா?"

அண்ணன் கேற்றைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது," என்றார்.

"தெரியாதா? நீங்கதானே கொண்டு போனீங்க. தலை நனைஞ்சு வந்தத நான் கண்டனான்."

சுடலைக்குப் போனவர்கள் தலை முழுகாமல் வீட்டுக்குள் வரமாட்டார்கள். அன்று பின்னேரம் மற்ற ஆண்களோடு அவரும் ஈரத் தலையோடு வந்தார். அதைப் பார்த்துத்தான், மகன் கையால் எல்லாம் நடந்தது என்று அம்மா மனம் ஆறினார்.

"வழியில ஆமி சுத்தி வளைச்சிட்டான். இளந்தாரியள் எல்லாரும் ஓடினம். நான் வாவிக்குள்ள இறங்கிக் கழுத்தளவு தண்ணியில கிடந்தனான். அவன் போன பிறகு வெளிய வந்தா, பெரியாக்கள் எல்லாத்தையும் முடிச்சுத் தலை முழுகிட்டு வாறாங்க. அம்மாட்டச் சொல்லாத எண்டாங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் அப்பாக்கு ஒரு பிடி மண்ணும் போடல்ல புள்ள."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அப்பாவின் இடத்தை இனி ஒருவராலும் காட்ட முடியாது என்பது விளங்கியது. ஆனாலும் அதைவிட அண்ணனை நினைத்துத்தான் வலித்தது. அவருடைய கையைப் பிடித்து, "வாங்க," என்றேன். மறுக்காமல் உள்ளே வந்தார்.

எழுத்தாளரின் கல்லுக்கு முன்னால் ஒரு தம்பதி படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தோம். பிறகு அண்ணன் சப்பாத்தைக் கழற்றினார். முழங்காலிட்டு, புல்லோரத்து ஈர மண்ணில் ஒரு பிடி அள்ளி, கல்லின் காலடியில் போட்டார். எழும்ப நேரம் எடுத்தது. எழுந்து, விலகி எனக்கு இடம் விட்டார்.

"நீயும் போடு புள்ள."