இரண்டாவது பேஷன்ஸ்

யூனிஸ் ஹாஸ்கெல் எதையும் லேசில் நம்பமாட்டாள். காலையில் பிடித்த மீன் என்று சொன்னாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். மாசசூசெட்ஸ் கடற்கரையிலுள்ள அந்தச் சிற்றூரின் தபால் அலுவலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்த பெருமை ஒன்றுதான்: ஊர் பிறந்த நாளன்று தேவாலய மணியை அடிப்பது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து ஊரை உண்டாக்கிய எஃப்ராயிம் டில்ஸ்டனின் வாரிசுக்கே அந்த உரிமை. எஃப்ராயிமின் மகள் பேஷன்ஸின் வழியில் வந்தவள் யூனிஸ். அப்படித்தான் அம்மா சொல்லியிருந்தாள்.

இந்த வருஷம் ஒஹாயோவிலிருந்து டேல் பர்டி என்று ஒருவன் வந்து இறங்கினான். எஃப்ராயிமின் மகன் ஜொசையாவின் வழியாம். மகன் வழிக்குத்தான் முதல் உரிமை என்று ஊரில் பேச்சும் கிளம்பிவிட்டது. அவன் சிரித்த சிரிப்பே யூனிஸுக்குச் சரியாகப் படவில்லை. பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அவனை நேராக அழைத்துப் போய் ஒரு கல்லின் முன் நிறுத்தினாள்.

"படி. சத்தமா படி."

"ஜொசையா, எஃப்ராயிமின் மகன், வயது இரண்டு."

"ரெண்டு வயசுல செத்த புள்ளைக்குப் பேரன் பேத்தியா? இந்த வம்சத்த எந்தக் கடையில வாங்கின?"

"கோவப்படாதீங்க மேடம். அப்பல்லாம் ஒரு புள்ள செத்தா, அடுத்து பொறக்கிறதுக்கு அதே பேர வெச்சிருவாங்க."

"பிடிபட்டவன் எல்லாருகிட்டயும் ஒரு கதை இருக்கும்."

டேல் பக்கத்துக் கல்லின் புல்லை விலக்கி, பையிலிருந்த தண்ணீரை ஊற்றி, கொண்டுவந்திருந்த பிரஷால் மெல்லத் தேய்த்தான். ஜொசையா டில்ஸ்டன். அதே தாய், அதே தந்தை. எழுபதைத் தாண்டிச் செத்தவன்.

புதிதாக வெட்டியதோ என்று யூனிஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பழசுதான். அப்போதுதான் வரிசைக் கடைசியில், பாசி மூடி மண்ணில் பாதி புதைந்த சின்னக் கல் கண்ணை உறுத்தியது. எத்தனையோ முறை கடந்துபோன கல்.

"அந்த பிரஷக் குடு."

மண்டியிட்டுத் தேய்த்தாள். பேஷன்ஸ். எஃப்ராயிமின் மகள், வயது மூன்று. அம்மா சொன்ன அதே பிறந்த வருஷம்.

டேல் குரலைத் தாழ்த்தினான். "இவளுக்கு அடுத்தும் ஒரு பேஷன்ஸ் இருந்திருப்பா. கட்டிக்குடுத்த ஊர்ல பொதைச்சிருப்பாங்க."

"இருந்திருப்பாங்கிறது எனக்கு வேணாம். இருந்தாளான்னு தெரியணும்." முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "இந்த வருஷம் மணிய நீயே அடி. அவ கிடைக்கிற வரைக்கும் நான் கயித்தத் தொடமாட்டேன்."

"சேர்ந்தே தேடலாம், அக்கா."

"அக்காவா? அதுதான் இன்னும் நிச்சயமாகலையே. மேடம்னே கூப்பிடு."