வலப்பக்கம் நின்றவர்

அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருகிறது என்றதும் எங்கள் அறுவை சிகிச்சைத் துறைச் சுவர்களுக்கு அவசரமாகப் பெயின்ட் அடித்தார்கள். மேற்படிப்பு மாணவர்களிடம் பயிற்சியின் தரம் பற்றிக் கருத்துப் படிவமும் வாங்கச் சொன்னார்கள். அதைத் திரட்டும் வேலை எனக்கு. பெயர் எழுத வேண்டாம் என்று படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடைசி ஆண்டில் இருந்ததே இரண்டு பேர். ஒருவருடையது கோழிக் கிறுக்கல், இன்னொருவர் பெண், அவருடையது அச்சு போன்ற கையெழுத்து. பெயர் எழுதாமல் விட்டு என்ன பயன்?

அந்த அச்செழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘மூன்று வருடத்தில் ஒரு குடலிறக்க ஆபரேஷனைக்கூட நான் முழுதாகச் செய்ததில்லை.’

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். உடனே ஆபரேஷன் தியேட்டர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கள் தியேட்டரில் மேசைக்கு வலப்பக்கம் நிற்பவரே ஆபரேஷன் செய்தவர். எதிரே நிற்பவர் உதவியாளர். நிற்கிற இடத்தைப் பார்த்தே தியேட்டர் நர்ஸான சிஸ்டர் அவரவர் பெயரை எழுதிவிடுவார். பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பெண்ணின் பெயர்தான். அதை நம்பித்தான், செய்த ஆபரேஷன்களைக் குறித்துவைக்கும் அவருடைய லாக் புக்கில் ‘தனியாகச் செய்தது’ என்ற கட்டத்தில் நானும் கையெழுத்துப் போட்டு வந்தேன்.

சிஸ்டரிடம் படிவத்தை நீட்டினேன். “பாருங்க, கை கூசாம எழுதியிருக்கு.”

அவர் படித்துவிட்டுத் தயங்கினார். “நின்னது அந்தம்மாதாங்க சார். ஆனா பாதியில ‘இங்க குடும்மா’ன்னு நீங்க வாங்கிக்குவீங்களே.”

உண்மைதான். எனக்குப் பொறுமை கிடையாது. குடலோடு பிதுங்கிய பையைச் சுற்றியிருப்பதிலிருந்து பிரிக்கும் இடத்தில் அந்தப் பெண் தடுமாறுவார். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருப்பார்கள். என் கை தானாக நீளும். மூன்று மாதத்தில் அவர் படிப்பு முடிந்து ஏதாவது ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவார். அங்கே தடுமாறினால் என்ன ஆகும்? கோபம் போய் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் குடலிறக்கத்துக்கு வந்திருந்தவர் பொம்மிடிப் பக்கத்து விவசாயி. அந்தப் பெண்ணைக் காட்டி, இந்த டாக்டர்தான் செய்வார், நான் கூட நிற்பேன் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

“நீங்க பக்கத்துலயே இருப்பீங்கல்லங்க? அப்பச் செய்யட்டும். வூட்டுல சொன்னா பயப்படுவாங்க, அவங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்க” என்றார்.

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்ததால் அவர் விழித்தபடியே இருந்தார். நான் வழக்கம்போல் அதட்டவும் வழியில்லை. எதிரே நின்று காயத்தை விரித்துப் பிடித்துக்கொண்டேன். பையைப் பிரிக்கும் இடம் வந்தது. நான் கேட்கவில்லை, கையை நீட்டவுமில்லை. அந்தப் பெண் தானாகவே கத்திரியை என் பக்கம் நீட்டினார்.

மூன்று வருடமாக நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். முகக்கவசம் இருந்ததால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

“நீயே பண்ணும்மா.”

நான் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. இரண்டு இடத்தில் நின்று யோசித்தார். ஒரு தையலைப் பிரித்து மறுபடி போட்டார். ஆனால் சுத்தமாக முடித்தார்.

அன்று மாலை அவருடைய லாக் புக்கை வாங்கி, நான் கையெழுத்துப் போட்ட ‘தனியாகச் செய்தது’ ஒவ்வொன்றையும் அடித்து ‘உதவியது’ என்று எழுதித் தேதியும் போட்டேன். அன்றையதை மட்டும் விட்டுவைத்தேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். “இத அப்படியே குழு பார்த்தா உங்க பேருதான் சார் கெடும்.”

“கெடட்டும்மா.”

நான் அடிக்காமல் விட்ட அந்த ஒற்றை வரி இருந்த பக்கத்தை விரலால் பிடித்தபடி அவர் கேட்டார்: “மூணு மாசத்துல இன்னும் எத்தனை கேஸ் சார் எனக்குக் குடுப்பீங்க?”