வெள்ளிக்கிழமை ஏறிய முள்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுவேன். பத்திரிகைக்கு எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை எண்ணெய் மில்லில் வேலை பார்த்தேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அங்கே இரும்புத் தொட்டியில் எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட முதலாளி ஒரு மின்சாரக் கருவி வாங்கி வைத்தார். தொட்டி மூடியில் ஒரு பீங்கான் கழுத்து. அதன் வழியாக நீளக் கம்பி ஒன்று எண்ணெய்க்குள் இறங்கும். கம்பி எவ்வளவு முழுகியிருக்கிறதோ அதற்குத் தக்கபடி எதிர்ச் சுவரில் இருந்த பெட்டியில் முள் ஏறும். ஒரு கம்பி சும்மா தொங்கிக்கொண்டே எப்படி அளவு சொல்கிறது என்று எனக்குத் தீராத ஆச்சரியம்.

தினம் மாலை புது எண்ணெய் ஏற்றி, மறுநாள் பகல் பூராவும் தெளிய விடுவோம். ஆகவே காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஐப்பசி மழை பிடித்ததும், சில நாட்களில் மட்டும் காலையில் பதினாலு, மாலையில் பதினொன்று என்று காட்டியது. மெட்ராஸிலிருந்து மெக்கானிக் இரண்டு முறை வந்தார். அவர் வந்த நாட்களில் முள் பரம சாதுவாக நின்றது. "மெஷின்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மெஷினில் இல்லையென்றால் ஆளில்தானே? தொட்டிக்குக் காவல் இருந்தவர் முகையூர்க்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், என்னைவிட மூத்தவர். முதலாளி அவரைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு தபா கொறஞ்சுதுன்னா, விழுப்புரம் பஸ் ஏறி ஊரைப் பாத்துக்கினு போயிடு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை முள் மறுபடியும் பதினாலில் நின்றது. மாலையில் இறங்கினால் அவர் வேலை போச்சு. அவர் பெட்டியை எட்டிப் பார்த்து, "இன்னாங்க இது! நான் வெள்ளிக்கிழமைன்னா கறி தொடமாட்டேன். உங்க முள்ளு வெள்ளிக்கிழமை ஆனாதான் வயிறு முட்டத் துன்னுது" என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகு நோட்டைப் புரட்டினேன். குறைந்த நாள் எல்லாமே வெள்ளிக்கிழமை! வெள்ளிக்கிழமை மில்லில் என்ன விசேஷம்? காலை ஏழு மணிக்குப் பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைப்பது நான். அந்தப் பீங்கான் கழுத்து வெள்ளை வெளேரென்று நெற்றி மாதிரி இருக்கும். அதற்கு மட்டும் ஆசையாக, மூடியிலிருந்து கம்பித் தலை வரைக்கும் அப்புவேன். வெயில் காலத்தில் எட்டு மணிக்குள் காய்ந்துவிடும். மழைக்காலத்தில்?

ஏணியில் ஏறினேன். சந்தனம் ஈரமாகவே இருந்தது. துண்டால் துடைத்தேன். முள் பதினொன்றுக்கு இறங்கியது. திரும்பப் பூசினேன், ஏறியது. துடைத்தேன், இறங்கியது. ஈரச் சந்தனம் வழியாக மூடிக்குக் கசிந்த மின்சாரத்தைப் பெட்டி கூடுதல் எண்ணெய் என்று காட்டியிருக்கிறது, மாலைக்குள் அது காய்ந்ததும் முள் இறங்கியிருக்கிறது. நாலைந்து தரம் அப்படியே விளையாடினேன். ஒருவர் பிழைப்பு அதில் தொங்கியது அப்போது நினைவிலேயே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலாளி முன்னால் போய் நின்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அவரே ஏறிப் பூசிப் பார்த்தார். "யோவ், சாமிக்கு வெச்சதாய்யா இப்படிப் பண்ணுது?"

கீழேயிருந்து காவல்காரர், "சாமியைக் கொற சொல்லாதீங்க மொதலாளி. கை இவருது" என்றார்.

அன்று மதியம் அவரிடம், "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். அவர், "அது போவட்டும். இத்தினி நாளா எழுதிக்கினு இருந்தீங்களே, நான் எடுத்திருப்பேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார்.

நினைத்திருந்தேன்தான். முள்ளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மனுஷனைச் சந்தேகப்பட்டிருந்தேன். இன்றைக்கும் எங்கேயாவது ஒன்று தப்பாகத் தெரிந்தால், முதலில் என் விரலைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். முள் காலையில் பன்னிரண்டு, மாலையில் பன்னிரண்டு.