ஹாரன் அடிக்காத டிரைவரும் அவள் வீட்டு ரொட்டியும்

என் அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். டிப்போவில் அவளுக்கு ‘ஊமை வண்டி’ என்று பட்டப்பெயர். அவள் ஊமை இல்லை. அது கூடப்பிறந்த எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவள் வண்டிதான் ஊமை. முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று ஊரையே அடைத்துக்கொண்டிருந்தாலும் ஹாரனில் கை வைக்க மாட்டாள். வீட்டில் அந்தப் பொறுமையில் கால்வாசிகூடக் கிடையாது. கேட்டால், ஓட்டத் தெரியாதவன்தான் ஹாரன் அடிப்பான் என்பாள். வண்டி நம்மிடம் பேசிக்கொண்டே இருக்கிறது, நாமே கத்தினால் அது சொல்வது எப்படிக் காதில் விழும் என்பாள்.

அத்தான் ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவர். மாவு பிசைய ஆள் உண்டு, அடுக்க ஆள் உண்டு. ஆனால் ரொட்டியை எப்போது வெளியே இழுப்பது என்று சொல்கிற வேலை அத்தானுடையது. கடிகாரம் பார்க்க மாட்டார். மாவு தினமும் ஒரே மாதிரி இருக்காது, குளிர் கூடினால் ஒரு மாதிரி, குறைந்தால் ஒரு மாதிரி. அத்தான் அடுப்புக்கு முன்னால் நின்று மூக்கை லேசாகத் தூக்குவார், ‘எடு’ என்பார், அவ்வளவுதான். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் அவர் ரொட்டியைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள்.

நான் அவர்களுக்கு எதிர் வீடு. ஒரே மாடி, நடுவில் ஒரு நடை. தனியாக இருக்கிறவள் என்பதால் என் சாப்பாடும் பாதி நாள் அங்கேதான். அதனால் அவர்களுடைய குளிர்காலம் எனக்கு அத்துப்படி. இருப்பது ஒரே கனமான போர்வை. அதை யார் இழுத்தார்கள் என்று தினமும் காலையில் ஒரு பஞ்சாயத்து. அக்கா அத்தானுடைய காலுறைகளைப் போட்டுக்கொண்டு அலைவாள், அவர் தன் காலுறையைக் காணோமென்று அலமாரியைக் குடைவார். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் கொஞ்ச நேரம் வெயில் விழும், இரண்டு பேரும் நாற்காலியை அதோடு நகர்த்தி நகர்த்தி அறையின் மறு ஓரம் வரை போய்விடுவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சுகம் அந்த ரொட்டி. விடிவதற்குள் அத்தானுடைய வேலை முடிந்துவிடும். கடைசியாக வெந்ததில் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பனியில் நடந்து வருவார். தூங்கிக்கொண்டிருக்கிற அக்காவின் போர்வைக்குள் அதை அப்படியே நுழைப்பார். அவள் கண்ணைத் திறக்காமலே அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். கை சூடாகி, வயிறு சூடாகி, பிறகுதான் எழுந்து அதைப் பிய்ப்பாள். இந்த வயதில் இந்தக் கொஞ்சலா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். என் பங்கு வரும் வரைதான்.

இந்தக் குளிர்காலம் தொடங்கும்போது அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. ஒரு வாசனையும் தெரியவில்லை. திரும்ப வேலைக்குப் போன நாளே ஒரு அடுப்பு ரொட்டி முழுக்கக் கரிந்தது. மறுநாள் ரொட்டி உள்ளே வேகாமல் மாவாகவே வந்தது. முதலாளி நல்ல மனுஷன். மூக்கு வரும் வரை பொட்டலம் கட்டு என்று சொல்லி, அடுப்புக்கு வேறொருவரைத் தற்காலிகமாக வைத்தார். பொட்டலம் கட்டுகிற வேலை பகலில். அத்தான் மத்தியானம் வீட்டுக்கு வருவார், ரொட்டி கொண்டு வருவார், ஆனால் அது ஆறிப்போன ரொட்டி. அதை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

டாக்டர், தினமும் நாலு வாசனையை முகர்ந்து பழகுங்கள், சிலருக்குத் திரும்பி வரும் என்றார். சொன்னது அத்தானிடம், பிடித்துக்கொண்டது அக்கா. அடுத்த நாளே அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து, தன் மஃப்ளரால் கண்ணைக் கட்டினாள். ஆரஞ்சு, காப்பித்தூள், கிராம்பு, சோப்பு. ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே நீட்டி, என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பார். அவள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு வண்டி எடுக்கப் போவாள். பல நாள் இப்படித்தான் போனது.

ஒரு நாள் அத்தான், “காப்பி” என்றார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். எங்கள் அம்மா போனபோதுகூட அவள் வெளியே தெரிய அழுததில்லை. அன்றைக்கு மஃப்ளரில் மூக்கைச் சிந்தச் சிந்த அழுதாள்.

அதற்குப் பிறகு அத்தான் தேறிக்கொண்டே போனார். ஆரஞ்சைச் சொன்னார், சோப்பைச் சொன்னார், கிராம்பைச் சொன்னார். இடையில் ஒன்றிரண்டைத் தப்பாகவும் சொன்னார். அக்காவின் நடையே மாறிவிட்டது. ஒரு சனிக்கிழமை வண்டியை விட்டதும் நேராக ரொட்டிக் கடைக்குப் போய், எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு வந்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள். முதலாளிக்கும் சந்தோஷம். தற்காலிகமாக நிற்கிறவர் தன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நச்சரிக்கிறார், திங்கட்கிழமை உன் புருஷன் வந்து அடுப்பில் நிற்கட்டும், சரியாக வந்தால் அடுப்பு அவனுக்கு, இல்லாவிட்டால் இனிமேல் பொட்டலம்தான் என்றார். இதை அக்கா வீட்டில் வந்து சொன்னபோது அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டு உடைந்தது. அதற்கு நான்தான் காரணம். முந்தின நாள் அவர்கள் டப்பாவில் இருந்த கடைசிக் காப்பித்தூளை நான் எடுத்துப் போய்விட்டேன், காலி டப்பாவை மட்டும் திருப்பி வைத்தேன். அக்கா அதில், கம்பளித் துணிக்கு வாங்கிய அந்துருண்டையைக் கொட்டி வைத்திருந்தாள். இன்றைக்குப் புதுசாக ஒன்று கொடுப்போம், மூக்குள்ளவன் எவனும் இதைத் தவறவிட மாட்டான் என்று அந்த டப்பாவைத் திறந்து அத்தான் முகத்துக்கு நேராக நீட்டினாள். எட்டி நின்ற எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

அத்தான் ஆழமாக ஒரு தடவை இழுத்தார். நிதானமாக, “காப்பி. இந்தத் தடவை நல்ல வறுவல்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் டப்பாவை மூடினாள். மஃப்ளரை அவிழ்த்தாள். டப்பாவை அவர் மடியில் வைத்தாள். அத்தான் உள்ளே பார்த்தார், பிறகு அவளைப் பார்க்கவே இல்லை. இத்தனை நாளும் என் காதில் பூ சுற்றினீங்களா என்று கேட்டாள். கத்தியிருந்தால் தேவலை, மெதுவாகக் கேட்டாள்.

“மொதல்ல காப்பின்னு சொன்ன அன்னிக்கு டப்பா மூடி சத்தம் கேட்டுச்சு, வாயில வந்துடுச்சு,” என்றார் அத்தான். “நீ உக்காந்து அழுத. அதுக்கப்புறம் இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

அக்கா ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர் உள்ளே வந்து மூன்று பேரையும் நடுக்கியது. மூடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நாளைக்குக் காலையில் முதலாளி முன்னால் இந்த மனுஷன் என்ன செய்வார் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. அவளுக்கும் அதுதான் ஓடியிருக்கும்.

அவள் திரும்பியபோது முகத்தில் கோபமில்லை. மீதி மூன்றும் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். ஆரஞ்சுத் தோல் கிழிகிற சத்தம், சோப்புக் காகிதம் சரசரக்கிற சத்தம், கிராம்புக் குப்பியின் தக்கை கீச்சிடுகிற சத்தம் என்று அத்தான் ஒப்பித்தார். அக்கா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஏதோ சத்தம். பெரிய கத்தி, என்றார் அத்தான். இன்னொரு சத்தம். மேல் தட்டுக் கிண்ணம், அதிலும் விளிம்பு உடைந்தது, என்றார். கதவு திறந்தது.

“நான் என்ன, வண்டிய மோந்து பாத்தா ஓட்டறேன்?” என்றாள் அக்கா. “எஞ்சின் சத்தத்துல ஒரு மயிரிழை மாறினா எனக்குத் தெரியும். ரொட்டி மட்டும் என்ன ஊமையா?”

அத்தான் ரொட்டிக்கு ஏது சத்தம் என்று சொல்ல வந்திருப்பார். அதற்குள் அக்கா மாவு டப்பாவை எடுத்துவிட்டாள்.

வீட்டில் ஒரு சின்ன ஓவன் இருக்கிறது, பெரும்பாலும் அதில் பழைய பாத்திரம்தான் இருக்கும். அன்றைக்கு அதற்கு விடிவு வந்தது. அத்தான் மாவு பிசைந்தார். உப்புகிற வரை வெயிலில் வைத்தோம். முதல் உருண்டை உள்ளே போனதும் அக்கா அவரை ஓவன் பக்கத்தில் தரையில் உட்காரவைத்தாள், தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மூக்கு என்னுது, காது உங்களுது என்றாள். ஃபிரிட்ஜை அணைத்தாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். நான் கொறித்துக்கொண்டிருந்த கடலையைப் பிடுங்கிக்கொண்டு, மூச்சுவிடுவதாக இருந்தால் நடையில் போய் விடு என்றாள்.

முதல் ரொட்டி கல். இரண்டாவது கரி. அத்தான் எழுந்துவிடுவார் போலிருந்தது, அக்கா தோளைப் பிடித்து அழுத்தினாள். மூன்றாவதில் வாசனை மாறுகிற நேரத்தில் அவள் அவர் முட்டியைத் தட்டினாள், அவர் தலையை ஆட்டினார். கேட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. பிறகு விளக்கினார். மாவில் ஈரம் இருக்கிற வரைக்கும் மெல்லிசாக ஒரு சீறல் இருக்கிறதாம். அது தேய்ந்து தேய்ந்து ஒரு இடத்தில் நிற்கிறதாம். நின்றதும் மேல்தோல் விறைத்து, முதல் வெடிப்பு ‘டிக்’ என்று கேட்கிறதாம். அந்த ‘டிக்’தான் நேரம். நான்காவது ரொட்டிக்கு அக்கா முட்டியைத் தட்டவில்லை. அவராகவே ‘எடு’ என்றார். எடுத்து அடியில் விரலால் தட்டினார், காலி டப்பா மாதிரி ஒலித்தது. கல்லையும் கரியையும் யார் தின்றார்கள் என்று கேட்காதீர்கள். கூடப்பிறந்த பாவத்துக்கு நான்தான்.

திங்கட்கிழமை இருட்டோடு அத்தான் கிளம்பினார். பொய் சொல்லி அடுப்பில் நிற்காதீங்க என்று மட்டும் அக்கா சொன்னாள். அவரும் சொல்லவில்லை. மூக்கு வரல, வருமான்னும் தெரியல, காதை வெச்சுப் பாக்கறேன், ஒரு அடுப்பு கொடுங்க என்று முதலாளியிடம் நேராகக் கேட்டிருக்கிறார். அந்தக் கடையில் விடிய விடிய ஒரு ரேடியோ பாடும், அது முதலாளிக்கு உயிர். அவரே எழுந்துபோய் அதை நிறுத்தினாராம். மாவு பிசைகிற இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னாராம். வேலை செய்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அத்தான் அடுப்பின் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அக்காவுக்கு முதல் டிரிப். என் ஆபீஸ் அந்த வழியில் இல்லவே இல்லை, இருந்தும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடி முழுக்கப் பனி. குல்லாவும் ஸ்வெட்டருமாக வண்டி நிறைந்திருந்தது. அக்கா வழக்கம்போல ஓட்டினாள், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ரொட்டிக் கடைக்கு எதிரில் ஒரு நிறுத்தம் உண்டு. தூரத்தில் வரும்போதே கடை வாசலைத் தேடினேன். யாரும் இல்லை. ஒருவேளை பொட்டலம் கட்ட உட்கார்ந்துவிட்டாரோ என்று தோன்றியது.

வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அக்கா கிளப்பவில்லை. பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார். அப்போதுதான் கடைக் கதவு திறந்து அத்தான் வந்தார். சாலையைக் கடந்து வருகிற மனுஷனுக்கு நெஞ்சுப் பக்கம் கோட்டு புடைத்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

டிரைவர் ஜன்னலுக்குக் கீழே வந்து, துணியில் சுற்றியதை எடுத்து மேலே நீட்டினார். அக்கா வாங்கினாள். எப்போதும்போல நெஞ்சோடு அணைக்கப் போனாள்.

“காதுல வை,” என்றார் அத்தான்.

வைத்தாள். அடுப்பிலிருந்து வந்த ரொட்டி குளிர்க்காற்று பட்டதும் மேல்தோல் வெடிக்கும், அந்தச் சத்தம் முன்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. சின்னச் சின்னதாக, விடாமல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அத்தான் கீழே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் முதலாளி வந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்திருந்தது.

அக்கா ரொட்டியை என் மடியில் வைத்து, பிச்சுடாதே என்றாள். கியரில் கை வைத்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, ஹாரனை அழுத்தினாள். சும்மா ஒரு தொடுதல் இல்லை. அந்தத் தெரு முழுக்க ஜன்னல்கள் திறக்கிற அளவுக்கு நீளமாக அடித்தாள். முதலாளி திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனார். அத்தான் மட்டும் அசையாமல் நின்று சிரித்தார்.

எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். சாலை வெறிச்சென்று கிடந்தது.

“ஏம்மா, முன்னாடி யாருமே இல்லையே, யாருக்கு ஹாரன்?”

“எம் புருஷனுக்கு,” என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியைக் கிளப்பினாள்.