பிலோமினா அக்கா வெட்டிய முதல் எழுத்து

கறுப்புக் கரை போட்ட உறை சென்ற செவ்வாய்க்கிழமை வந்தது. ஹம்பேர்க்குக்கு வீடு மாறியபோது தொலைபேசி எண்ணையும் மாற்றி, புது எண்ணை யாருக்கும் சொல்லாமல் இருந்தவன் நான். அதனால் செய்தி தபாலில்தான் வரவேண்டியிருந்தது. பிலோமினா அக்காவின் மகன் தாயின் மரண அறிவித்தலை ஜெர்மன் மொழியில் அச்சடித்து அனுப்பியிருந்தார். நான்கே வரி. அகராதி இல்லாமலே விளங்கிவிட்டது.

முன்பு நாம் இருந்த கொலோனில் அக்காவைத் தெரியாத தமிழ்ப் பெற்றோர் இருந்தோமா? மன்னாரிலிருந்து வந்தவர், முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. பள்ளிகளில் ஆசிரியரைச் சந்திக்கும் நாள் வந்தால் மொழிபெயர்க்க அவரைப் பிடிப்பதற்கு நீங்கள் எல்லோரும் என்னோடு அடிபட்டவர்கள்தான். அவரிடம் ஒரேயொரு குறை. நம் வாயில் வந்த எதையும் விடமாட்டார். ஒருமுறை மகளின் வகுப்பாசிரியர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போக, "இந்தாளுக்கு மீசை மட்டும்தான் வளர்ந்திருக்கு" என்று முணுமுணுத்தேன். அக்கா அதையும் ஜெர்மனில் சொன்னார். ஆசிரியர் மீசையைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்து நான் சண்டை பிடிக்க, அக்கா சிரிக்கவேயில்லை.

"நீர் கதைச்சீர், நான் சொன்னனான். சொல்லக்கூடாதெண்டால் மனசுக்கை நினைச்சிருக்கலாமே தம்பி."

யூரோ வந்த இரண்டாவது வருடம் அது. மகள் சுபா ஏழாம் வகுப்பு. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அக்காவைக் கேட்டிருக்கலாம், மீசைக் கோபம் ஆறவில்லை. அகராதியைத் திறந்தேன். 'பெர்செட்சுங்' என்றால் இடமாற்றம். கடிதத்தில் அதற்குப் பக்கத்திலிருந்த சொல்லுக்கு, ஆபத்து. அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் அப்பா யாழ்ப்பாணத்தில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து, மேலதிகாரியைப் பகைத்ததால் கஷ்டப் பிரதேசத்துக்குத் தூக்கி எறியப்பட்டவர். மீசையைப் பற்றிச் சொன்னதற்குப் பழிவாங்க, சுபாவை ஏதோ ஆபத்தான ஊருக்கு மாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். பிள்ளை பயந்துவிடும் என்று அவளுக்கும் சொல்லவில்லை. அன்றே என் சொந்த ஜெர்மனில் ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன்: "பிட்டே கைனே பெர்செட்சுங்." தயவுசெய்து இடமாற்றம் வேண்டாம்.

ஒரு கிழமை கழித்து அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வேறொருவருக்காகப் பள்ளிக்குப் போன இடத்தில் ஆசிரியர் என் கடிதத்தைக் காட்டியிருக்கிறார்.

"தம்பி, பிள்ளையை ஏழாம் வகுப்பிலையே இருத்தச் சொல்லி விண்ணப்பம் எழுதிக் குடுத்தனீரோ?"

"இல்லை அக்கா, இடமாற்றம் வேண்டாமெண்டு…"

"பள்ளிக்கூடத்திலை பெர்செட்சுங் எண்டால் வகுப்பேத்திறது. பிள்ளைக்குக் கணக்கிலையும் இங்கிலீசிலையும் ஐஞ்சு. வகுப்பேறுறது சந்தேகம் எண்டு அவங்கள் எழுத, தயவுசெய்து ஏத்தாதேங்கோ எண்டு நீர் கெஞ்சியிருக்கிறீர். இவ்வளவு பொறுப்பான தகப்பனைத் தான் கண்டதில்லையெண்டு மீசைக்காரர் சொல்லுறார்."

இந்த நாட்டில் ஒன்றுதான் திறம்; ஐந்து என்றால் தவறியது. கதவருகே நின்று கேட்ட சுபா சொன்னாள்: "நான் தனியவே பெயிலாகியிருப்பன் அப்பா. நீங்கள் ஏன் கடிதம் எழுதிக் கஷ்டப்பட்டனீங்கள்?"

மறுநாள் அக்கா என்னை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். விண்ணப்பத்தை வாங்கி, 'கைனே' (keine) என்ற சொல்லின் முதல் எழுத்தான k-ஐ மட்டும் பேனாவால் வெட்டினார். அது 'ஐனே' ஆயிற்று. கைனே என்றால் வேண்டாம், ஐனே என்றால் ஒன்று. தயவுசெய்து ஒரு வகுப்பேற்றம். தேநீர்க்கடையில் கேட்பது போல இருந்தது. ஆசிரியர் மீசைக்குள் சிரித்து, கடிதத்தை என்னிடமே தந்துவிட்டார். பிறகு விதியைச் சொன்னார். ஜெர்மன் பாடத்தில் சுபா எடுத்த மூன்று ஓர் ஐந்தைத் தாங்கும். மற்ற ஐந்தை அவளேதான் நாலாக்கவேண்டும்.

கோடை விடுமுறைக்கு முன் ஆங்கிலத்தில் நாலு வந்தது. சுபா எட்டாம் வகுப்புக்குப் போனாள். செய்தி சொல்லப் போன என்னை அக்கா மேலும் கீழும் பார்த்தார்.

"வாசிச்சு விளங்காட்டிக் கேளும் தம்பி. விளங்கினால் கட்டாயம் கேளும்."

எழுத்து வெட்டுப்பட்ட அந்தக் கடிதத்தை வீடு மாறியபோதும் தொலைக்கவில்லை. அக்கா சொன்ன அந்த வாக்கியத்தையும்தான். செவ்வாய்க்கிழமை அந்த நான்கு வரியும் எனக்கு நன்றாகவே விளங்கின. அதனால் சுபாவைக் கூப்பிட்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினேன். ஏதாவது ஒன்றைப் பிழையாக விளங்கியிருக்கவேண்டும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லை அப்பா," என்றாள். "இந்தமுறை சரியாத்தான் விளங்கியிருக்கிறியள்."