மோர்ப் பானை மூடி

சேலத்துப் பாதிரிமார் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பழகியவர்களில் வீட்டு வேலைக்குப் போக யாருக்கும் பிடிக்காது. நோயாளியோடு சேர்த்து அந்த வீட்டு வேலைகளையும் தலையில் கட்டிவிடுவார்கள். நாமக்கல் பக்கம் ஒரு பண்ணைக்காரர் பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார், யார் போகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பண்ணைக்காரர் பெயர் ராசப்பன் என்று காதில் விழுந்ததும் சௌந்திரம், தான் போவதாகச் சொன்னாள். அது 1941-ஆம் வருஷம். அவளுக்கு அப்போது முப்பது வயது.

ராசப்பனை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. நிலபுலன் ஒரு பக்கம் இருக்க, மனிதருக்குக் கிராமபோன் பிளேட்டுப் பைத்தியம். வெறும் பிளேட்டு அல்ல. பாடியவர்களே தங்கள் கையால் கையெழுத்துப் போட்ட பிளேட்டு. நாடகம் என்றும் கச்சேரி என்றும் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் வந்து போகிறவர்களை வண்டி வைத்து வீட்டுக்கு அழைத்துவந்து, விருந்து வைத்து, பிளேட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார். அதன் கீழே, பத்திரத்துக்குச் சாட்சி போடுவதுபோல, தன் பெயரையும் எழுதுவார். அவருடைய சாட்சிக் கையெழுத்து இல்லாத பிளேட்டு தேக்குப் பீரோவுக்குள் போகாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டு விருந்துக்குச் சௌந்திரத்தின் அக்கா பாப்பாயியும் வந்திருந்தாள். நாடகக் கம்பெனியில் பாடிக்கொண்டிருந்தவள். மதராசுக்குக் கூட்டிப்போய் அவளை வைத்து ஒரு பிளேட்டு எடுத்திருந்தார்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டும் முருகன் பாட்டு. அவளுக்கு எழுதத் தெரியாது. பேனாவை நீட்டியபோது கூச்சத்தோடு சிரித்துவிட்டு, பெருவிரலில் மை தொட்டுக் கைநாட்டு வைத்தாள். ராசப்பன் அந்தப் பிளேட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது பிளேட்டா, பத்திரமா?" என்றார்.

கூட்டம் சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். சமையல்காரி குப்பாயியைக் கூப்பிட்டு, மோர்ப் பானைக்கு மூடி இல்லை என்றாயே, இந்தா என்று கொடுத்துவிட்டார். அடுத்த ஊரில் பாப்பாயி மேடை ஏறியதும் யாரோ ஒருவன் "மோர்ப் பானை" என்று கத்தினான். அதற்கடுத்த ஊரிலும் கத்தினார்கள். அவள் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கினாள். கம்பெனிக்காரன் வேறு ஆளைப் போட்டான். பாப்பாயி ஆத்தூருக்குப் போய் அரிசி மில்லில் நெல் புடைக்கச் சேர்ந்தாள். பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதைத் தூங்கவைக்கக்கூட அவள் பாடியதில்லை.

சௌந்திரம் அழுகிற ஜாதி இல்லை. மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள்.

பண்ணை வீட்டுக்கு வந்த முதல் நாளே, நோயாளிக்கு மோர் வேண்டும் என்று சமையல்கட்டுக்குப் போனாள். குப்பாயி பானையின் மேலிருந்து கறுப்பாக ஒன்றைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நடு ஓட்டையில் பருத்திச் செடிக் குச்சி ஒன்று செருகியிருந்தது. காகிதம் ஓரம் உரிந்து பழுத்துப் போயிருந்தாலும் விரல்ரேகை அப்படியே இருந்தது.

"என்ன இது?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"அதுங்களா? ஏதோ கூத்துக்காரி பிளேட்டுங்க. பண்ணாடி குடுத்தது. நல்லா அடைச்சுக்குமுங்க."

சௌந்திரம் மோரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ராசப்பனுக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. மனைவி இறந்து பல காலம். மகன்கள் அமர்த்தியிருந்த ஆள் அவரைக் கிடத்திய இடத்திலேயே கிடத்தி வைத்ததில் இடுப்பில் இரண்டு புண். சௌந்திரம் முதலில் அந்த ஆளை அனுப்பினாள். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டாள். புண்ணைக் கழுவி ஆற்றினாள். முதுகுக்கு ஸ்பிரிட் தடவினாள். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, புரை ஏறாமல், வாயின் இடது ஓரமாக ஊட்டினாள்.

கையில் ஸ்பிரிட் பாட்டில் இருக்கும்போதெல்லாம் பீரோவைப் பார்க்கத்தான் செய்தாள். பிளேட்டெல்லாம் அரக்கு, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். ஒரு துணியை நனைத்துத் துடைத்தால் போதும், பாட்டும் போய்விடும், கையெழுத்தும் போய்விடும். ஆனால் அது திருட்டுத்தனம். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று தெரியாமல் போனால் என்ன பிரயோசனம்? அதுவும் புத்தி தெளியாமல் கிடக்கிறவனிடம்? அவர் எழுந்து உட்கார வேண்டும், நாலு பேரை அடையாளம் தெரிய வேண்டும், பேச்சு வர வேண்டும். அதற்காகவே அவரைத் தேற்றினாள். அவ்வளவு நன்றாக வேறு எந்த நோயாளியையும் அவள் பார்த்ததில்லை.

ஆடி மாதத்துக்குள் ராசப்பன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். நாக்கு கொஞ்சம் குழறினாலும் பேச்சு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கையால் எழுதப் பழகலாம் என்று சௌந்திரம் ஒரு சிலேட்டைக் கொடுத்தாள். கோழி கிண்டினதுபோல் வந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அவர் சிலேட்டைத் தூக்கி எறிந்தார். அவளும் இரண்டாம் முறை சொல்லவில்லை.

கை போய்விட்டது என்பதை அவர் சிநேகிதர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் சேலத்து ஜவுளிக்காரர் தீர்த்தகிரியிடமிருந்து சேதி வந்தது. மதராசில் பெயர்பெற்ற ஒரு பாட்டுக்காரியிடம் கையெழுத்து வாங்கிய பிளேட்டோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், பழைய கூட்டம் முழுவதும் கூட வருவதாகவும் சொல்லியிருந்தார். ராசப்பனுக்கு ஒருபுறம் ஆசை, மறுபுறம் உதறல்.

"ஒரு மாசத்துக்குப் பேனாவையே தொடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லீட்டாருன்னு நீயே சொல்லீரு, நர்சம்மா. நாஞ் சொன்னா நம்ப மாட்டானுக."

"சரிங்க," என்றாள் சௌந்திரம்.

ஞாயிறு மாலை கூடம் நிறைந்தது. ராசப்பன் தோள்மேல் சால்வையைப் போட்டு வலது கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுப் பிளேட்டைப் போட்டுக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். பாட்டு முடிந்ததும் தீர்த்தகிரி பிளேட்டை அவர் மடியில் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினார். ராசப்பன் சௌந்திரத்தைப் பார்த்தார். அவள் மருந்து எடுக்கப் போகிறவள்போல எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் பாப்பாயியின் பிளேட்டு இருந்தது, துடைத்திருந்தும் புளித்த வாடையோடு. மறு கையில் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து.

"பண்ணாடிக்குக் கை போயிருச்சுங்க. இனி வராது," என்றாள், கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி. "கைநாட்டுத்தான் வெக்கோணும். புதுப் பிளேட்டு இருக்கட்டும். பழசு ஒண்ணுக்குச் சாட்சி பாக்கி நிக்குதுங்க. இது எங்கக்கா பாப்பாயி பாடுனது."

தீர்த்தகிரியின் பேனா நீட்டியபடியே நின்றது. ராசப்பன் பிளேட்டைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை மாதம் கஞ்சி ஊட்டிய முகத்தை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். இடது கையை மடியோடு இறுக்கிக்கொண்டார். சௌந்திரம் சால்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து அவர் காதோடு சொன்னாள்:

"வெக்காட்டி நான் இப்பவே கெளம்பறேனுங்க. ராத்திரிக்குத் திருப்பிப் போடறது ஆருன்னு பாத்துக்குங்க."

அந்த இரண்டு புண்ணும் அவருக்கு மறந்திருக்காது. பிறகு இடது பெருவிரலை நீட்டினார். அவள் மருந்தைத் தடவி, அக்காவின் விரல்ரேகைக்குக் கீழே சரியாக வைத்து, ஒத்தடம் கொடுப்பதுபோல் நிதானமாக அழுத்தினாள்.

தீர்த்தகிரிக்கு எப்போதுமே வாய் அடங்காது. எட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்த பேச்சு அவரை அறியாமல் வந்துவிட்டது.

"இது பிளேட்டா, பத்திரமா?"

ஒருவர் சிரித்தார். பிறகு இன்னும் ரெண்டு பேர். ராசப்பன் சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

சௌந்திரம் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தாள். பிளேட்டு கோணியிருந்ததால் ஊசி ஏறி ஏறி இறங்கியது. பாப்பாயியின் குரல் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவதுபோல ஆடியது. முன்பக்கம் முடிந்ததும் சிலர் எழப் பார்த்தார்கள். பின்பக்கமும் இருக்கிறது என்று அவள் சொன்னாள். உட்கார்ந்து கேட்டார்கள்.

பீரோவில் இடமில்லை. ராசப்பன் யார் வந்தாலும் முதலில் எடுத்துக் காட்டுகிற, தங்க நிற மையில் கையெழுத்துப் போட்ட பிளேட்டை உருவிவிட்டு, அந்த இடத்தில் அக்காவின் பிளேட்டை வைத்தாள். உருவியதைச் சமையல்கட்டுக்கு எடுத்துப்போய், திறந்து கிடந்த பானையின் மேல் வைத்தாள். குப்பாயி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பண்ணாடி கேட்டால் நர்சம்மா வைத்தது என்று சொல்லச் சொன்னாள் சௌந்திரம். அவர் கேட்கவில்லை.

அன்று அவரைத் திருப்பிப் போடும் நேரம் தவறவில்லை, முதுகுக்கு ஸ்பிரிட் தடவுவதும் தவறவில்லை. இடது பெருவிரல் ஊதாவாக வெள்ளைத் துப்பட்டியின் மேல் கிடந்தது. அந்த மருந்து லேசில் போகாது. எலுமிச்சம்பழமும் ஸ்பிரிட்டும் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும். அவள் தேய்க்கவில்லை.

தீபாவளிக்கு ஆத்தூர் போனபோது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பாயி முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்றும் கேட்கவில்லை. முறத்திலிருந்த நொய்யைத் தனியே தட்டிக்கொண்டே, ஒன்று மட்டும் கேட்டாள்.

"இப்ப வெச்ச பிளேட்டு பானைக்குச் சரியா இருக்குதா?"

"கொஞ்சம் சின்னதுதான்," என்றாள் சௌந்திரம். "ஒரு ஓரமா ஈ போகுது."

"போவட்டும்," என்றாள் பாப்பாயி.