பதில் போய்ச் சேராத காலை

போர்க்காலத்தில் திருத்தணியிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் ராணுவம் ஒரு விமானத் தளம் போட்டிருந்தது. அதன் கன்ட்ரோல் டவரில் எனக்கு வயர்லெஸ் வேலை. கிளம்புவதற்கு முன் விமானி என்னைக் கூப்பிட்டு, குரல் கேட்கிறதா என்பார். கேட்கிறது என்பேன். எந்த ஓடுபாதை, காற்று எந்தப் பக்கம், ஏறியதும் எங்கே திரும்புவது என்று அதிகாரி சொல்வதை நான் மைக்கில் சொல்ல, விமானி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் இங்கிலீஷில்தான். திருப்பிச் சொன்னது சரியாக இருந்தால்தான் கிளம்ப அனுமதி.

அங்கே அண்ணன் தம்பி இரண்டு பேர் விமானிகளாக இருந்தார்கள். ஆந்திரப் பக்கத்துக்காரர்கள். அந்த ஐப்பசியில் கடலுக்கு மேல் ரோந்து போன தம்பி திரும்பவில்லை. அன்று காலை என் சொற்களைச் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னவர் அவர். அவரை அனுப்பி வைத்த குரல் என்னுடையது என்ற நினைப்பு, சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வரும்.

என் மனைவி எனக்கு அத்தை மகள்; எங்கள் வீட்டுத் தெலுங்கு வழக்கப்படி என்னை பாவா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் அவள் கேட்டாள்:

"கெணத்தாண்ட நின்னுகினு யார்கிட்ட பாவா பேசிகினு இருந்தீங்க?"

நான் பேசியதாகவே எனக்கு நினைவில்லை.

மார்கழியில் ஒரு காலை அண்ணன் கிளம்ப வேண்டியிருந்தது. ஓடுபாதை முனையில் நின்று கூப்பிட்டார், கேட்கிறதா என்று. பதில் சொன்னேன். மறுபடியும் கேட்கிறதா என்றார். அவர் குரல் எனக்கு வந்தது. என் குரல் அவருக்குப் போகவில்லை. அதிகாரியிடம் சொன்னேன். அவசரமான ரோந்து; வயர்லெஸ் கெட்டால் விளக்கு காட்டி அனுப்பலாம் என்பது விதி. அதிகாரி ஜன்னல் வழியாகப் பச்சை விளக்கைக் காட்டினார். விமானம் ஓடி, எழும்பி, மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கி மலையே தெரியாமல் போனது. திரும்பி வரச் சொல் என்றார் அதிகாரி. தொண்டை கட்டும்வரை சொன்னேன். அண்ணனோ, தரை தெரியவில்லை, யாருக்காவது கேட்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் இங்கிலீஷை விட்டுத் தெலுங்குக்கு மாறினார். டவரில் தெலுங்கு தெரிந்தவன் நான் ஒருவன்தான். அது அவருக்குத் தெரியாது. செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டார்.

"எங்கேடா இருக்கே? நான் எந்தப் பக்கம் வரணும்? சொல்லுடா."

என்ன சொல்கிறான் என்றார் அதிகாரி. சாமி கும்பிடுகிறார் என்றேன். அப்புறம் குரல் நின்றுவிட்டது.

பொழுது சாயும்போது தகவல் வந்தது. ஆர்.கே.பேட்டைக்கு அப்பால், வேர்க்கடலை பிடுங்கிய ஒரு கொல்லையில் விமானத்தை இறக்கியிருந்தார். சக்கரம் உடைந்திருந்தது. அவருக்கு நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். மெக்கானிக் வயர்லெஸ் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். குரல் வாங்கும் பக்கத்தில் கம்பி அறுந்து கிடந்தது.

"இத்துல ஒரு சத்தமும் கேட்டிருக்காதுபா" என்றார்.

அண்ணன் நெற்றிக் கட்டோடு டவர் ஏறி வந்தபோது நான் தனியாக இருந்தேன். இங்கே தெலுங்கு பேசுகிறவர் யார் என்று கேட்டார். நான்தான் என்று தெலுங்கிலேயே சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அப்போ நீங்கதான் சொன்னீங்களா? இடது பக்கம் திரும்பு, ஏரி வரும், அதைத் தாண்டினா கொல்லை, இறங்கிடுன்னு?"

நான் பேசியது இங்கிலீஷ். ஏரியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் நான் இல்லை என்று சொன்னால், அடுத்த முறை அந்தக் குரலைத் தேடிக்கொண்டு மேகத்துக்குள் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

"ஆமாங்க, நான்தான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"என்னை அன்னய்யான்னு கூப்பிட்டீங்களே" என்றார்.

தெலுங்கில் தம்பி அண்ணனைக் கூப்பிடும் சொல். நான் அவரை சார் என்று தவிர வேறெப்படியும் அழைத்ததில்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

காயம் ஆறி, வேறு விமானத்தில் மறுபடி பறக்க வந்தார். கேட்கிறதா என்றார். கேட்கிறது என்றேன். எல்லாவற்றையும் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அனுமதி கொடுத்தேன். விமானம் நகரவில்லை. ஹெட்போனில் வெறும் இரைச்சல். எதற்காகவோ காத்திருந்தார். அதிகாரி என்னை முறைத்தார்.

"போய்ட்டு வாங்க அன்னய்யா" என்று தெலுங்கில் சொன்னது என் வாய்தான். நானாகச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வரேன்டா" என்றார். விமானம் ஓட ஆரம்பித்தது.

இங்கிலீஷ் தவிர வேறு பாஷை பேசியதற்கு அதிகாரி வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும் என்று இருந்தேன். மதியம் அண்ணன் பத்திரமாக இறங்கும்வரை ஹெட்போனைக் கழற்றவில்லை. சாப்பிடவும் எழுந்து போகவில்லை.